பெயர் மாற்றிப் போட்ட பாட்டு

ஜனார்த்தனனின் இடது கை கோழியின் இரண்டு சிறகுகளையும் முதுகுப் பக்கமாகச் சேர்த்துப் பிடித்திருந்தது. வலது கையில் கத்தி. கழுத்தில் ஓர் இழுவை; பிறகு தலைகீழாகப் பீப்பாவுக்குள். உதறல் அடங்குமுன் அடுத்த கோழிக்குக் கை போய்விடும். கிளிநொச்சிச் சந்தைக்குப் பக்கத்தில் உள்ள அந்தக் கோழிக்கடையில் சனிக்கிழமை காலையில் நாற்பது, ஐம்பது கோழி போகும். உரித்து, மரக்குற்றியில் வைத்துத் துண்டு போடும்போதுதான் அவன் பாட்டுக் கட்டுவான். கத்தி விழுகிற தாளத்துக்கு வரி வரும். வரி சரியாக வந்தால் துண்டுகள் அளவாக இருக்கும். பிழைத்தால் கோழி நொறுங்கிச் சிதம்பிவிடும்.

அன்று எனக்கு முன்னால் நின்ற ஆசிரியர் குற்றியை எட்டிப் பார்த்தார்.

“தம்பி, கறிக்கெண்டுதானே சொன்னனான். இது கொத்துரொட்டிக்கோ?”

“குறை நினையாதேங்கோ சேர். வேற கோழி போடுறன்.”

“அந்தக் கோழி உமக்கு என்ன செய்தது?”

“கோழி ஒண்டும் செய்யேல்லை சேர். நான் எழுதினதில உயிர் இல்லை.”

பக்கத்து மீன்கடை வினோதன் சும்மா இருக்கவில்லை. “உங்கட கடையால உயிரோட எதண்ணை வெளியில போயிருக்கு?” என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். ஜனார்த்தனன் கத்தியைத் திருப்பி, அதன் முதுகால் தன் இடது கை முட்டியில் இரண்டு தரம் அடித்தான். நகைச்சுவைக்குச் செய்ததாக அவர்கள் நினைத்தார்கள். அந்த முட்டியில் பழைய பொருக்கு உரிந்து இரத்தம் வந்ததை நான் கண்டேன்.

அவன் உருத்திரபுரத்தில் எங்கள் பக்கத்து வளவுக்காரன். வயது நாற்பத்திரண்டு. மனைவி பிரேமிளா. பிள்ளை இல்லை. நோயாளரையும் முதியோரையும் வீட்டில் வைத்துப் பராமரிக்கப் பயிற்சி எடுத்து, முப்பது வருடம் அதையே செய்தவள் நான். ஆகவே அந்த வீட்டில் என்ன காயம் பட்டாலும் முதலில் என் படலையைத்தான் தட்டுவார்கள்.

அவன் எழுதுவது செத்தவர்களுக்கான நினைவுப் பாட்டு. எங்கள் பக்கத்தில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கல்வெட்டு அச்சடிப்பது வழக்கம். மனைவி புலம்பல், பிள்ளைகள் புலம்பல் என்று செய்யுளில் ஒரு சிறு புத்தகம். இப்போது அதோடு ஒரு பாட்டும் வேண்டும். செத்தவரின் படங்களைக் கோத்து, பின்னால் பாட்டை விட்டு, அன்று வீட்டில் ஒலிபெருக்கியில் போட்டு, கனடாவுக்கும் பிரான்ஸுக்கும் அனுப்புவார்கள். சஜீவன் என்ற பொடியன் தன் தொலைபேசிக் கடைக்குப் பின்னால், சுவர் முழுக்க முட்டை மட்டை ஒட்டி, ஓர் ஒலிப்பதிவு அறை வைத்திருக்கிறான். எழுதுவது ஜனார்த்தனன். பாடுவது வட்டக்கச்சியில் இருந்து வரும் ஒரு பெண். மிச்சமெல்லாம் சஜீவன்.

ஆறு வருடத்துக்கு முன் ஐயாத்துரை என்ற பழைய தபாற்காரர் இறந்தபோது ஜனார்த்தனன் எழுதிய பாட்டு நன்றாக அமைந்துவிட்டது. அன்று அடைமழை, கடையில் ஆள் இல்லை, ஒரு மணித்தியாலத்தில் எழுதிக் கொடுத்துவிட்டான். திருத்த நேரம் இருக்கவில்லை. கேட்டவர்கள் எல்லோரும் தங்கள் வீட்டுக்கும் அதே மாதிரி வேண்டும் என்றார்கள். சஜீவன் அதற்கு ஒரு வழி செய்தான். பெயர் வரும் இடங்களை மட்டும் அந்தப் பெண்ணைக் கொண்டு புதிதாகப் பாடுவித்துப் பழைய பதிவில் ஒட்டிவிடுவான். ஐயாத்துரை இருந்த இடத்தில் செல்லத்துரை, பொன்னையா, நல்லதம்பி. அப்படி அந்த ஒரு பாட்டு முப்பது வீடுகளுக்குப் போனது. எந்த வீடும் மற்ற வீட்டிடம் கேட்கவில்லை.

ஜனார்த்தனனுக்கு அது பெரிய வெட்கம். புதிதாக எழுதத்தான் நினைப்பான். நாலு வரி எழுதி, அதை ஐயாத்துரை பாட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஐந்தாம் வரியில் தன் கன்னத்தில் தானே அறைவான். குசினிச் சுவரில் குத்துவான். போன வருடம் கதவு நிலையில் நெற்றியை மோதி, புருவத்துக்கு மேலே இரண்டு அங்குலம் பிளந்துகொண்டு வந்தான். நான் துணியை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஐந்து தையல்.

“குத்தத்தான் வேணுமெண்டால் தலையணையில குத்து” என்றேன் வழியில்.

“தலையணை திருப்பிக் குத்தாது மாமி.”

அவன் ஏன் இப்படி ஆனான் என்று நான் ஆராயப் போகவில்லை. காயத்தைச் சுத்தம் செய்வதற்கு அது தேவைப்படாது.

பிறகு தவராசா செத்தார்.

தவராசா எங்கள் ஊரில் மூன்று ஏக்கர் வயல் செய்தவர். பரந்தன் பக்கம் உரம் வாங்கப் போய்த் திரும்பும்போது, மணல் ஏற்றிய டிப்பர் ஒன்று மோட்டார் சைக்கிளோடு அவரைச் சேர்த்து அரைத்துவிட்டுப் போனது. முகத்தைத் திறக்க வேண்டாம் என்று சொல்லித்தான் பெட்டியைக் கொடுத்தார்கள். அவருடைய மனைவி கமலாசனி திறந்து பார்த்தாள். பார்த்துவிட்டு மூடினாள். அவள் அப்படிப்பட்டவள்.

இரண்டாயிரத்து ஒன்பது பங்குனியில், யுத்தத்தின் கடைசி மாதங்களில், மாத்தளன் மணலில், பதுங்குகுழி இடிந்து ஜனார்த்தனனை மூடியபோது அவனைக் கிண்டி எடுத்தவர் இந்தத் தவராசா. அப்போது இருவருக்கும் பழக்கம் கூட இல்லை. பக்கத்துக் குழியில் இருந்தவர், அவ்வளவுதான். மண்வெட்டி இல்லை; பானை மூடியால் கிண்டினார். எடுக்கும்போது ஜனார்த்தனனின் வாயும் மூக்கும் மணல். அதே குழியில் இருந்த அவனுடைய தாயைக் கிண்டி எடுக்க நேரம் போதவில்லை.

ஆகவே எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்ததும் கமலாசனி அவனைக் கூப்பிட்டுச் சொன்னாள்: “நீதான் எழுத வேணும். சஜீவன்ர பேர் மாத்திற வேலை எனக்குத் தெரியும். எனக்கு அது வேண்டாம். இவருக்கெண்டு எழுது.”

“எழுதுறன் அக்கா” என்றான். சனிக்கிழமை அந்த ஆசிரியரின் கோழி சிதம்பியதற்குக் காரணம் இந்தப் பாட்டுத்தான்.

இருபத்தேழாம் நாள் பாட்டு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை. குசினி வாசலில் கொப்பியை வைத்துக்கொண்டு முழுவதையும் பாடிக் காட்டினான். பிரேமிளா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டுக் கேட்டாள்.

“இது நல்லாயிருக்கு” என்றாள்.

“உனக்கு எல்லாம் நல்லதுதான்.”

“எல்லாத்தையும் நான் எப்ப நல்லதெண்டு சொன்னனான்? போன மாசத்துப் பாட்டைச் சனியன் எண்டனான். இது நல்லாயிருக்கு.”

“செத்தவரை ஆராவது பாட்டில ஏச வைப்பானோ? ஆக்கள் சிரிப்பினம். அவருக்குப் போய் இப்பிடி ஒரு குப்பையை எழுதி வச்சிருக்கிறன்.”

வீட்டுக்குப் பின்னால், ஊர்க்கோழி இறகு பிடுங்க வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவன் எழும்பிப் போய்க் கொப்பியை இரண்டாகக் கிழித்து அடுப்புக்குள் செருகினான். பிரேமிளா பின்னாலேயே ஓடி, குனிந்து, கையை உள்ளே விட்டாள். அவன் அவளைத் தோளில் பிடித்துத் தள்ளினான். அவள் வெந்நீர்ப் பானை மேல் விழுந்தாள். பானை சரிந்து வெந்நீர் இடது முழங்கையில் இருந்து மணிக்கட்டு வரைக்கும் ஊற்றியது.

நான் போனபோது யாரோ அவள் கையில் பற்பசையைப் பூசியிருந்தார்கள். கழுவி எடுத்து, இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் பிடிக்க வைத்தேன். அவள் கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்கினாள். ஜனார்த்தனன் பூவரசு மரத்தில் தன் தலையை மோதிக்கொண்டிருந்தான். நான் அவனைப் பார்க்கப் போகவில்லை. வெந்தவள்தான் முதலில். அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பிறகு அவனுக்குச் சொன்னேன்.

“உன்னை நீ அடிக்கிறது உன்ர பாடு எண்டு இவ்வளவு நாளும் விட்டன். அது என்ர பிழை. இனி அவளில உன்ர கை பட்டுதெண்டால் பொலிஸுக்கு நானே கூட்டிக்கொண்டு போவன்.”

“என்னைக் கொண்டே குடுங்கோ மாமி. இப்பவே குடுங்கோ.”

“நடிக்காதை. போய் அவளுக்கு மாத்துச் சீலை எடுத்துக்கொண்டு போ.”

சீலையைக் கொண்டுபோய்க் கொடுத்தான். வரும் வழியில் சஜீவனின் கடையில் இறங்கி, ஐயாத்துரை பாட்டையே தவராசாவுக்கு மாற்றிப் போடச் சொன்னான். இதை அவன் கமலாசனிக்குச் சொல்லவில்லை. பிரேமிளாவுக்கும் சொல்லவில்லை.

முப்பத்தோராம் நாள் தவராசா வீட்டில் நூறு பேருக்கு மேல். காலையில் கிரியைகள் முடிந்து, பந்தலில் முதல் பந்தி இருந்தது. தவராசாவின் ஒரே மகன் நிஷாந்தன் சோறு போட்டுக்கொண்டு வந்தான். கட்டாரில் வேலை செய்பவன், தகப்பனின் செத்தவீட்டுக்கு வந்தவன், மறுநாள் காலை பஸ்ஸில் கொழும்புக்குப் போய் விமானம் ஏற வேண்டும். ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டார்கள்.

“பாசத்தின் இருப்பிடமே, பண்பின் உறைவிடமே, தவராசா எங்கள் ஐயா…”

கமலாசனி வாசலில் இருந்தவள் நிமிர்ந்தாள். முதலாம் வரியிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. இரண்டாம் அடியிலும் தவராசா. மூன்றாவதிலும் தவராசா. கடைசி அடியில் அந்தப் பெண் குரலை உயர்த்தி, மிகவும் உருக்கமாக, “ஐயாத்துரை ஐயா, எப்போது வருவீர்கள்?” என்று பாடினாள்.

சஜீவன் அந்த ஓர் இடத்தை மாற்ற மறந்துபோனான்.

பந்தியில் ஒருவருக்குப் புரைக்கேறியது. இன்னொருவர், “தபாற்காரர் திரும்பவும் செத்திட்டாரோ?” என்று கேட்டார். யாரோ சிரித்தார்கள்.

நிஷாந்தன் சோற்று வாளியைக் கீழே வைத்தான். பந்தல் கால் அருகே நின்ற ஜனார்த்தனனிடம் நடந்து போய், இரும்புக் கதிரை ஒன்றை மடக்கி எடுத்து, அதன் விளிம்பால் வாயில் அடித்தான். ஜனார்த்தனன் கையைத் தூக்கவில்லை. வாயில் இருந்து பல்லும் இரத்தமும் வர, முகத்தை இன்னும் முன்னால் கொண்டுபோனான்.

“அடி” என்றான். “இன்னும் அடி. காணாது.”

அதைக் கேட்டதும் நிஷாந்தனுக்கு ஆத்திரம் இரண்டு மடங்கானது. விலாவில் அடித்தான். விழுந்தவனை உதைத்தான். நிலத்தில் விரிந்து கிடந்த வலது கையைக் குதிக்காலால் மிதித்துத் திருகினான். எலும்பு முறியும் சத்தம் காய்ந்த ஈர்க்கு முறிவது போலத்தான் இருக்கும்; பெரிதாகக் கேட்காது. எனக்குக் கேட்டது. மூன்று ஆண்கள் நிஷாந்தனைப் பிடித்தார்கள். அவன் மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு திரும்பவும் உதைத்தான். பந்தி எழும்பி ஓடியது. சோறும் சாம்பாரும் செம்மண்ணில் கலந்து கிடந்தன.

கடைசியில் கமலாசனி கிணற்றடியில் இருந்து ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து, சண்டை நாய்களுக்கு ஊற்றுவது போல இருவர் மீதும் ஊற்றினாள்.

“காணும்” என்றாள் மகனிடம். பிறகு கீழே குந்தி ஜனார்த்தனனைப் பார்த்தாள். “அவருக்கெண்டு எழுதினது எங்க?”

“எரிச்சுப்போட்டன் அக்கா.”

“ஏன்?”

“அது நல்லா இல்லை.”

கமலாசனி அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டாள். அன்று விழுந்த அடிகளில் அந்த ஒன்றுக்குத்தான் அவன் கண் மூடியதைக் கண்டேன்.

“என்ர மனிசன் உன்னைக் கிண்டேக்க நல்ல சாமானோ, பழுதோ எண்டு பாத்தே எடுத்தவர்? வாய்க்குள்ள விரலை விட்டு மண்ணைத் தோண்டினவரடா. நல்லா இல்லையாம். உன்னட்டை ஆர் நல்லது கேட்டது? அவருக்கெண்டு எழுதினதைத்தான் கேட்டனான்.”

அவன் அழத் தொடங்கினான். அவள் அதற்கும் இடம் கொடுக்கவில்லை.

“நாளைக்கு ஒம்பது மணிக்கு இவனுக்கு பஸ். அதுக்கு முதல் வந்து, எரிச்சதைப் பாடிப்போட்டுப் போ. வரேல்லையெண்டால், நான் செத்தாலும் இந்த வளவுக்க கால் வையாதை.”

ஆஸ்பத்திரியில் வலது கையின் சின்ன விரலுக்கும் மோதிர விரலுக்கும் தகடு வைத்துக் கட்டினார்கள். இரண்டு பல் போயிருந்தது. விலாவில் வெடிப்பு இல்லை, கண்டல் மட்டும். பொலிஸில் முறைப்பாடு செய்கிறீர்களா என்று கேட்டதற்கு ஜனார்த்தனன் தலையை ஆட்டி மறுத்தான். பின்னேரம் ஐந்து மணிக்கு அவர்கள் வீட்டு விறாந்தையில் அவனைக் கதிரையில் இருத்தி, அடிபட்ட கையை நெஞ்சோடு உயர்த்தித் தூக்குக்கட்டுப் போட்டேன்.

தனக்குப் பாட்டு நினைவில்லை என்றான். இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் ஒவ்வொரு வரியும் வாய்க்கு வரும்போதே அவன் அதைப் பிடித்து நெரித்தான்.

“‘பானை மூடியால் மண்ணைத் தள்ளினாய்…’ சீ. இது என்ன வரி? ‘கருணைக் கையால்’ எண்டு போட்டிருக்க வேணும்.” இடது கை கன்னத்துக்குப் போனது.

நான் அந்தக் கையைப் பிடித்து, இன்னொரு துணியால் கதிரைக் கையோடு சேர்த்துக் கட்டினேன். தன்னைத் தானே காயப்படுத்துகிற நோயாளிக்கு அந்த நேரத்துக்குச் செய்யக்கூடியது அதுதான்.

“மாமி, அவிழுங்கோ.”

“பாட்டு முடியட்டும்.”

பிரேமிளா மருந்துத் துணி சுற்றிய கையோடு குசினிக்குள் இருந்தாள். நாலு நாளாக அவள் அவனோடு கதைக்கவில்லை. வவுனியாவில் உள்ள தாய் வீட்டுக்குப் போகப் பையும் கட்டி வைத்திருந்தாள். இப்போது ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு வந்து எதிரே இருந்தாள்.

“எனக்கு முழுக்க நினைவிருக்கு” என்றாள். “ஒருக்காக் கேட்டதுதான். ஆனால் நெருப்புக்குள்ள கையை விட்டனான், மறக்கேலாது. நான் சொல்லிச் சொல்லி எழுதுறன். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது.”

“அந்த ஏசுற வரியை மட்டும் விடு.”

“திறக்கக் கூடாதெண்டு சொன்னனான்.”

அவள் இடது கையில் கொப்பியைப் பிடிக்க முடியாமல் முழங்காலில் வைத்து எழுதினாள். இரண்டு இடத்தில் அவளுக்குச் சொல் பிடிபடவில்லை. அவனைப் பார்த்தாள். அவன் சொன்னான். மூன்றாம் இடத்தில் அவன் வேறு சொல் சொன்னான். அவள் பேனையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தாள். கடைசியில் பழைய சொல்லையே சொன்னான். கால் மணித்தியாலத்தில் முடிந்தது.

“இது கமலாசனி அக்காவுக்காக” என்று சொல்லி அவள் கொப்பியை மூடினாள். “உங்களுக்காக இல்லை. நான் போறதோ, நிக்கிறதோ எண்டு பேந்து யோசிக்கிறன்.”

அவள் உள்ளே போன பிறகு கதிரைக் கட்டை அவிழ்த்தேன். அந்தக் கை மடியில் கிடந்தது. எங்கும் போகவில்லை. அது மனமாற்றமோ, வலிக்கு அடித்த ஊசியோ என்று சொல்ல எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மூவரும் ஆட்டோவில் தவராசா வீட்டுக்குப் போனோம். பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நிஷாந்தன் பயணப் பையைப் பூட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய குதிக்கால் வீங்கி, செருப்புக்குள் போகாமல் இருந்தது. கமலாசனி இரண்டு கதிரைகளை முற்றத்தில் போட்டாள். தேத்தண்ணி தரவில்லை.

ஜனார்த்தனனால் ஒரு கையால் கொப்பியையும் பிடித்து ஒற்றையையும் புரட்ட முடியவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த நிஷாந்தன் வந்து கொப்பியை வாங்கி, அவன் முகத்துக்கு நேரே பிடித்தான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

பல் போன வாயால் அவன் பாடினான். காற்றுப் போனது, சுருதி நிற்கவில்லை.

“பானை மூடியால் மண்ணைத் தள்ளினாய்
பல்லுக்குள் மணலை விரலால் எடுத்தாய்
மூச்சு வருமட்டும் முதுகில் அறைந்தாய்…”

அங்கே நிறுத்தினான். “அடுத்த வரி சரியில்லை அக்கா. திருத்தி அனுப்புறன்.”

பிரேமிளா பின்னால் நின்றபடி, பாடாமல், சும்மா வாசிப்பது போலச் சொன்னாள்: “‘மூதேவி, எழும்படா’ என்று ஏசினாய்.”

நிஷாந்தன் கொப்பியைக் கீழே இறக்கினான். “என்னையும் அப்பிடித்தான் எழுப்புறவர்” என்றான். “பள்ளிக்கூடத்துக்கு.”

“அவற்ர வாய்தான்” என்றாள் கமலாசனி. “பாடு.”

அவன் அந்த வரியையும் பாடினான். மிச்சத்தையும் பாடினான்.

“நீ மண்ணைத் தள்ளி என்னை எடுத்தாய்
நான் விறகை அடுக்கி உன்னை விட்டேன்.”

முடிந்ததும் நிஷாந்தன் ஒவ்வொரு ஒற்றையையும் தொலைபேசியில் படம் பிடித்தான். பிறகு பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, நொண்டி நொண்டி பஸ்ஸுக்குப் போனான். ஜனார்த்தனன் கொப்பிக்காக இடது கையை நீட்டினான்.

“மூண்டாம் வரியில ஒரு சொல்லு மட்டும் அக்கா. அது உதைக்குது.”

கமலாசனி கொப்பியைக் கொடுக்கவில்லை. உள்ளே கொண்டுபோய் அலுமாரியில் வைத்துப் பூட்டி, திறப்பைத் தாலிக்கொடி இல்லாத கழுத்தில் கிடந்த கறுப்பு நூலில் கோத்துக்கொண்டு வந்தாள்.

“திருத்திறதுக்கெண்டால் வராதை” என்றாள். “சாப்பிட வாறதெண்டால் வா.”